ஐஸ் கொண்டுவந்த மாப்பிள்ளை

"மாப்பிள்ளை, ஐஸ்."

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் நன்றித் திருநாள் விருந்துக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் அம்மா லூவெனியா தன் இரண்டாவது மாப்பிள்ளையிடம் போனில் பேசுவது இவ்வளவுதான். சுகமா, வேலை எப்படி என்ற விசாரிப்பெல்லாம் அதற்கு முன்பே மகளிடம் முடிந்திருக்கும். வென்டெல் அத்தான் போனை வாங்கிக் காதில் வைத்து, "அத்தை, இந்த வருஷமாவது ஒரு சட்டி..." என்று ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டிருப்பாள்.

விருந்துக்கு யார் எந்தச் சட்டி கொண்டுவருவது என்பதை அம்மாதான் முடிவு செய்வாள். அதை மாற்ற எங்கள் பாஸ்டராலும் முடியாது. புதிதாகக் குடும்பத்துக்குள் வருகிறவர்களுக்குக் காகிதத் தட்டு. அதைச் சொதப்பாமல் கொண்டுவந்தால் அடுத்த வருஷம் பன். பன்னுக்கு மேலே பீன்ஸ், அதற்கு மேலே சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அதற்கும் மேலே மாக்கரோனி சீஸ். மாக்கரோனி வரை ஏறியவர்கள் சர்ச்சுக்குள் நடக்கிற நடையே வேறாக இருக்கும். எங்கள் மூத்த அக்கா மார்வாவைப் பார்த்தால் தெரியும். எல்லாவற்றுக்கும் உச்சியில் இருப்பது, உப்புப் போட்டு ஜாடியில் வாரக்கணக்கில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். எங்கள் ஊர் பால்டிமோரில் வான்கோழிக்குப் பக்கத்தில் கோஸ் இல்லையென்றால் அது தேங்க்ஸ்கிவிங்கே இல்லை. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், அது அவர்கள் தலையெழுத்து. அந்தக் கோஸை அம்மா யாருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது.

ஐஸ் இந்த ஏணியிலேயே சேர்த்தி இல்லை. ஐஸ், ஏணிக்குக் கீழே தரையில் கிடக்கிற சமாசாரம்.

என்னைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். மூன்று பெண்களில் நான் கடைக்குட்டி, பெயர் நெட்டி. வெந்நீர் வைத்தாலும் தீய்க்கிற ஜாதி. எனக்குக் கிடைத்திருப்பது டின்னில் வரும் கிரான்பெரிப் பழக்கூழ். டின்னைத் திறந்து தட்டில் கவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கே அம்மா நான் கவிழ்க்கும்போது பக்கத்தில் வந்து நிற்பாள். ஆனால் எனக்கும் கீழே ஒருத்தர் இருந்தார் என்பது இத்தனை வருஷமாக எனக்குப் பெரிய ஆறுதல்.

வென்டெல் டேட் எங்கள் ஊர்க்காரர் இல்லை. தெற்கு கரோலினாவில், கடலோரத்தில் பிறந்தவர். அவர்கள் வீட்டு விருந்தில் சோறும் இறாலும்தான் ராஜா. பால்டிமோருக்கு வந்து டவுன் பஸ் ஓட்டினார். அவர் பஸ்ஸில் தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த எங்கள் நடு அக்கா டெல்ஃபின், ஒருநாள் தன் நிறுத்தம் வந்தும் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போனாள். அதற்கப்புறம் என்ன, கல்யாணம்தான். ஆள் கதவை அடைக்கிற மாதிரி இருப்பார். குரல் மட்டும் சின்னது. பஸ்ஸில் சண்டை போடுகிறவர்களைக்கூட "ஐயா, கொஞ்சம் உக்காருங்க" என்றே அடக்குவார். நல்ல மனுஷன். பொய் சொல்ல வராது. அதுதான் அவரைப் பிடித்த சனி.

கல்யாணமான முதல் வருஷம், புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் பூங்கொத்து. சமையலறையில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தோம். அடுப்பில் கோஸ், புகைபோட்ட பன்றி எலும்போடு கொதித்துக்கொண்டிருந்தது. அத்தான் மாமியாருக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. இரண்டு எட்டு பின்னால் வந்தார். பிறகு உண்மையான கவலையோடு, தன் சின்னக் குரலில் சொன்னார்:

"அத்தை, இதுல ஏதோ செத்துப்போயிருக்கு."

 அம்மாவின் தம்பி கிளீவ் மாமா வாயில் வைத்த சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து நின்றார். அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பார். மூடியை அவர் கையிலிருந்து வாங்கி, சட்டியை மூடி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னாள்:

"அடுத்த வருஷம் நீங்க ஐஸ் கொண்டு வாங்க, மாப்பிள்ளை."

அன்று மேசையில் அத்தான் பரிகாரம் போலக் கோஸை வாங்கிச் சாப்பிட்டார். முதல் வாய்க்குக் கண்ணை மூடினார். இரண்டாவது வாய்க்குத் திறந்தார். அப்புறம் இன்னொரு கரண்டி கேட்டார். பிடித்துப்போய்விட்டது! யார் கண்டுகொண்டார்கள்? தீர்ப்பு சொல்லியாகிவிட்டதே.

அதிலிருந்து ஐஸ்தான். இருபது வருஷத்துக்கும் மேலே. பனி கொட்டி ரோடே மூடிய வருஷம், பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார். கால் எலும்பு முறிந்த வருஷம் ஊன்றுகோலும் ஐஸுமாக எங்கள் வீட்டு வெள்ளைப் படிகளில் ஏறினார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. சக்கரம் வைத்த பெரிய ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினார். அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்வார். கிளீவ் மாமா வருஷம் தவறாமல் டம்ளரைத் தூக்கி, ஒரு துண்டைக் கடித்து, தலையை ஆட்டுவார்.

"மாப்ள, இந்த வருஷம் ஐஸ் நல்லா வெந்திருக்கு."

எல்லோரும் சிரிப்போம். அத்தானும் சிரிப்பார். டெல்ஃபின் மட்டும் சிரிக்க மாட்டாள்.

அவளுக்கு வயிறெரிச்சல் வருவதில் நியாயம் இருந்தது. மார்வா அக்கா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட ரஸ்ஸல், நேற்று வந்த ஆள், காகிதத் தட்டில் ஆரம்பித்து நாலே வருஷத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு ஏறிவிட்டான். "என் புருஷன் என்ன பாவம் பண்ணார்? ஒரு வார்த்தை சொன்னார், அதுக்கு ஆயுள் தண்டனையா?" என்று டெல்ஃபின் அம்மாவிடம் ஒருமுறை வாய்விட்டே கேட்டாள். அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே, "ஐஸ் இல்லாம விருந்து நடக்குமாடி? பெரிய பொறுப்பு அது" என்றாள். அதற்கு மேல் அம்மாவிடம் யார் பேசுவது?

அத்தான் பேசவில்லை. வேறொன்று செய்தார். ஒரு அக்டோபரில் பெரிய பீங்கான் ஜாடியும் ஒரு மூட்டை முட்டைக்கோஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றார். "என்னை ஐஸ்காரன் ஆக்குனது எதுவோ, அதை ஒரு கை பாக்காம விடமாட்டேன்" என்றார். டெல்ஃபின் ஜாடியை வீட்டுக்குள் விடவில்லை. அது கார் ஷெட்டில் குடியேறியது. முதல் வருஷம் கோஸ் ரோஜா நிறமாகிக் கொழகொழத்தது. அடுத்த வருஷம் நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரி கேஸ் கசிகிறது என்று ஆள் வரவழைத்துவிட்டாள். வந்தவர்கள் முகமூடியும் கருவியுமாகத் தெருவெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டு போய், கடைசியில் அத்தானின் ஜாடி முன்னால் நின்றார்கள். மனுஷன் அசரவில்லை. உப்பைக் கூட்டினார், குறைத்தார். ஜாடியைச் சுவரோரம் நகர்த்தினார், கம்பளி போர்த்தினார், எடுத்தார். ஒரு வருஷம் சரியாக வந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் சரியாக வந்தது. பஸ் டிப்போவில் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோனால் டிரைவர்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

"அம்மாகிட்ட கொண்டுவாங்களேன் அத்தான்" என்று நானே சொன்னேன்.

"அத்தை கேக்கலையேம்மா" என்றார்.

அது சரிதான். அம்மா ஒதுக்காத சட்டி அந்த வீட்டு வாசற்படி ஏறாது. ஒருமுறை ரஸ்ஸலின் தங்கை ஆசையாக ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரம் ஒன்று செய்துகொண்டு வந்தாள். அது விருந்து முடியும்வரை அவள் கார் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. அதனால் டிப்போவே மெச்சின அந்தக் கோஸ், அதை யார் மெச்ச வேண்டுமோ அவர் நாக்குக்கு மட்டும் போகவில்லை. அத்தானுக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். பென்ஷன் வரும் வயசு நெருங்கியும், நவம்பர் மாதம் போன் அடித்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். "ஐஸ்" என்றதும் அணைந்துவிடும்.

போன வருஷத்து விருந்துக்கு வருகிறேன்.

அன்று காலை அம்மாவுக்கு முட்டி மடங்கவில்லை. கோஸ் ஜாடி வீட்டுக்கு அடியில் பேஸ்மென்ட் அறையில் இருந்தது. வழக்கமாக அவளே இறங்கி, அவளே மூடி திறந்து, அவளே அள்ளிக்கொண்டு வருவாள். வேறு யார் கையும் அந்த மூடியில் படக் கூடாது. அன்று வேறு வழியில்லை. சட்டியை மார்வாவிடம் நீட்டினாள்.

"நீ போய் அள்ளிட்டு வா. மேலாக்க அள்ளாத, அடியில கைய விட்டு அள்ளு."

மார்வா அக்கா அந்தச் சட்டியைக் கிரீடம் மாதிரி வாங்கிக்கொண்டாள். கோஸ் ஜாடி ஒருநாள் தனக்குத்தான் வரும் என்று இருபது வருஷமாகக் காத்திருந்தவள். நானும் டெல்ஃபினும் பின்னாலேயே இறங்கினோம். கடைசிப் படியில் கால் வைத்ததுமே எனக்குக் குமட்டியது. புளித்த கோஸின் வாடை எங்களுக்குத் தாய்ப்பால் மாதிரி. இது அது இல்லை. மூடியைத் திறந்தால் மேலே எல்லாம் வெள்ளையாக, ஒழுங்காகத்தான் இருந்தது. மார்வா அடியில் கரண்டியை விட்டுத் தூக்கினாள். பழுப்பும் சளியுமாக வழிந்தது. மூன்று பேரும் முந்தானை இல்லாத குறைக்குச் சட்டை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

காரணம் பக்கத்திலேயே நின்றது. வீட்டைச் சூடாக்க அந்தக் கோடையில் புதிதாகப் போட்ட ஹீட்டரை ஜாடி இருக்கும் மூலையில்தான் வைத்திருந்தார்கள். ஜாடி வாரக்கணக்கில் வெந்திருக்கிறது. ஆனால் அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், அம்மா இரண்டு நாளைக்கொருமுறை இறங்கி வந்து இந்த ஜாடியின் மேல் குனிந்து பார்த்திருக்கிறாள். அவளுக்கு இந்த நாற்றம் தெரியவில்லை.

டெல்ஃபின்தான் முதலில் சொன்னாள். "அம்மாவுக்கு மூக்கு போயிடுச்சுடி."

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின குளிர்காலத்தில் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து ரொட்டி கருகுவது. நான் வாங்கித் தந்த சென்ட்டை நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு, மூடியைத் திறக்காமலே வைத்திருந்தது.  இந்த ஊரிலேயே பெரிய மூக்கு எங்கள் அம்மாவுடையது. நான் பதினாறு வயதில் புகைத்த ஒரே ஒரு சிகரெட்டைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்தவள்.

"வாய மூடுங்க ரெண்டு பேரும்" என்றாள் மார்வா. "அம்மாவுக்கு இது தெரிஞ்சா இன்னிக்கே படுத்துடுவா. ரஸ்ஸலை அனுப்பி நாலு டின் கோஸ் வாங்கிட்டு வரச் சொல்றேன். கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, ஒரு ஆப்பிள் போட்டா..."

"டின் கோஸா? இந்த வீட்லயா?" என்றேன். டின் திறப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கே பதறியது.

அந்த நேரம் பார்த்துப் படியில் தடதடவென்று சத்தம். அத்தான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். பாதிப் படியில் நின்றார். மூக்கு விடைத்தது. ஜாடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஜாடி கெட்டதையும் அது அம்மாவுக்குத் தெரியாததையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வாடையோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியவர்.

டெல்ஃபினுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "என்னங்க, உங்க ஜாடி இருக்குல்ல!"

"என்ன ஜாடி?" என்றாள் மார்வா.

டெல்ஃபின் சொன்னாள். மார்வா வாயைப் பிளந்து கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளுக்குக் கணக்கு ஓடிவிட்டது. "அப்ப கொண்டு வாங்க வென்டெல், சீக்கிரம். பின்பக்கமா வாங்க. இதைக் கொட்டிட்டு அம்மா ஜாடியில ஊத்திடலாம். ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல."

அத்தான் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"மாட்டேன் அண்ணி."

நாங்கள் மூன்று பேரும் திகைத்துப்போனோம். இந்த மனுஷன் வாயிலிருந்து 'மாட்டேன்' என்ற வார்த்தையை டெல்ஃபினே அதுவரை கேட்டதில்லையாம், அப்புறம் சொன்னாள்.

"இத்தனை வருஷம் ஐஸ் என் பேர்ல வந்துச்சு. கோஸ் வந்தாலும் என் பேர்லதான் வரும். திருட்டுத்தனமா வராது."

"இப்பப் போய் பேர் கேக்குற நேரமா இது?" மார்வா பல்லைக் கடித்தாள். "உங்க பேர்ல வரணும்னா அம்மாவோடது கெட்டுப்போச்சுன்னு அம்மாகிட்ட சொல்லணும். யார் சொல்றது?"

"சொல்லித்தான் ஆகணும். வாசனை தெரியாம அவங்க தனியா அடுப்பு பத்தவெக்கிறாங்க அண்ணி. இன்னிக்கு கோஸை மறைச்சுடலாம். நாளைக்கு ராத்திரி கேஸ் திறந்து கிடந்தா அதை எந்த ஜாடியில ஊத்தி மறைப்பீங்க?"

  நான் டெல்ஃபினைப் பார்த்தேன், டெல்ஃபின் மார்வாவைப் பார்த்தாள், மார்வா தரையைப் பார்த்தாள். மூன்று சிங்கக்குட்டிகள், அம்மா முன்னால் மூன்று பூனைக்குட்டிகள். அத்தான் எழுந்தார். ஒரு கிண்ணத்தில் அந்தப் பழுப்புக் கோஸை அள்ளிக்கொண்டு படியேறினார்.

சமையலறையில் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து வான்கோழிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் எதிரே போய் நின்றார். பஸ் நிறைய ரவுடிகள் இருந்தாலும் கலங்காத மனுஷன் அந்தச் சின்னக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அத்தை, இதுல ஏதோ செத்துப்போயிருக்கு."

அதே வார்த்தைகள். வேறு வார்த்தை தேடவில்லை அவர். 

அம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "இதையே முன்ன ஒருதரம் சொன்னீங்க."

"சொன்னேன். அன்னிக்கு ஒண்ணும் தெரியாத பய சொன்னது. இன்னிக்குத் தெரிஞ்சு சொல்றேன்."

அம்மா கிண்ணத்தை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மறுபடியும் இழுத்தாள், இன்னும் ஆழமாக. நாங்கள் எல்லாம் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அவள் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். என் வாழ்க்கையில் அதைவிட வேதனையான ஒன்றை நான் பார்த்ததில்லை. பிறகு இரண்டு விரலால் ஒரு இழையைக் கிள்ளித் தேய்த்தாள். வழுக்கியது. விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"காய்ச்சலுக்கு அப்புறம்னு நினைக்கிறேன் அத்தை."

அம்மா எங்கள் பக்கம் திரும்பினாள். "மூணு பொண்ணு பெத்தேன். மூணும் என் மூக்குக்கு முன்னாலயே நின்னுதுங்க. சொல்றதுக்கு ஐஸ்காரர் வர வேண்டியிருக்கு."

மார்வா அழ ஆரம்பித்தாள். "அழுகைய அப்புறம் வெச்சுக்க" என்றாள் அம்மா. "மூணு மணிக்கு மேசையில கோஸ் இருக்கணும். என்ன பண்றது, அதச் சொல்லு."

"என்கிட்ட ஒரு ஜாடி இருக்கு அத்தை" என்றார் அத்தான்.

"உங்ககிட்டயா?"

"கார் ஷெட்ல. கொஞ்ச வருஷமாவே போடுறேன்."

"கொஞ்ச வருஷமாவா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க ஐஸ் மட்டும்தானே அத்தை கேட்டீங்க."

அம்மாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "போய் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அடுத்து நடந்ததை எங்கள் தெரு இன்னும் பேசுகிறது. அத்தான் பேஸ்மென்டில் விட்டிருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்து வாசலுக்கு இழுத்துப் போனார். ஜாடி காரில் உருளாமல் வர அதைவிடத் தோதான இடம் இல்லை என்று நினைத்தாரோ, இல்லை மனசில் வேறு ஏதாவது இருந்ததோ. மூடியைத் திறந்து, அத்தனை ஐஸையும் தெருவோரச் சாக்கடையில் கவிழ்த்தார். சலசலவென்று கொட்டியது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. காலிப் பெட்டியைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். மஞ்சள் விளக்கு விழுந்தாலே நிறுத்துகிற டிரைவர், அன்று எப்படிப் போனார் எப்படி வந்தார் என்று கேட்காதீர்கள்.

பெட்டியிலிருந்து ஜாடியைத் தூக்கி அம்மா முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். வெளிறிய பொன் நிறத்தில், நூல் நூலாக இருந்தது கோஸ். வாடை சமையலறையை நிறைத்தது. எங்கள் வாடை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புளிப்பால் இல்லை.

அம்மா ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். கறுக் கறுக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது.

"உப்பு தெரியுது. புளிப்பு தெரியுது. கடி சரியா இருக்கு. மிச்சத்தை என் நாக்கு சொல்லாது" என்றாள். "கிளீவ் சொல்லட்டும். அவன்கிட்ட ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது."

கிளீவ் மாமா வழக்கம்போல ஜெபம் முடிகிற நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் கோஸ் சட்டியை இழுத்துக்கொண்டார். மேசையில் இருந்த மற்ற யாரும் கரண்டியைத் தொடவில்லை. அத்தான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மாமா ஒரு வாய் போட்டார். மெல்வதை நிறுத்தினார்.  மறுபடி மென்றார். தட்டில் இருந்த வான்கோழியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இன்னும் இரண்டு கரண்டி கோஸை வைத்தார்.

"அக்கா, உனக்கு வயசாக ஆகக் கை கூடிக்கிட்டே போகுது. நம்ம அம்மா வெச்சதுக்கு அப்புறம் இப்படி ஒண்ணை நான் தின்னதில்ல. மத்தவங்களுக்கு வேணாம்னா சட்டிய இங்கயே விட்டுடுங்க."

"நான் செய்யல" என்றாள் அம்மா.

"பின்ன, மார்வாவா?"

"ஐஸ்காரர்."

மாமாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. "எந்த ஐஸ்காரர்?"

அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மடங்காத முட்டியோடு. "என் மாப்பிள்ளை வென்டெல் செஞ்சது. என்னோடது கெட்டுப்போச்சு. என் மூக்கும் கெட்டுப்போச்சு. அதை என் முகத்துக்கு நேரா சொல்ல இந்த வீட்ல இவர் ஒருத்தருக்குத்தான் தைரியம் இருந்துச்சு. முன்னயும் இவர்தான் சொன்னார், இப்பவும் இவர்தான் சொன்னார். இனிமே கோஸ் இவருது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா கார்ல போய் உக்காந்து சாப்பிடலாம்."

மேசையே வெடித்தது. ரஸ்ஸல் மேசையைத் தட்டினான். யாரோ அல்லேலூயா என்றார்கள். டெல்ஃபின் நாப்கினை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கினாள், பிறகு எடுத்துவிட்டுப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்துச் சிரிப்பும் மொத்தமாக வந்தது.  "நன்றி அத்தை" என்று அந்தச் சின்னக் குரலில் அத்தான் முனகினார். அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டது. அவர் தோளை ஒருதரம் அழுத்தினாள்.

சட்டி கைமாறிக்கொண்டே போனது. அப்போதுதான் ரஸ்ஸல் தன் ஐஸ் டீயைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஐயோ, வெதுவெதுன்னு இருக்கே. ஐஸ் எங்க?"

மொத்த மேசையும் பழக்கதோஷத்தில் அத்தானைப் பார்த்தது. அத்தானும் பழக்கதோஷத்தில் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். "கொட்டிட்டேன், மன்னிச்சுக்குங்க. இதோ, முனைக் கடைக்குப் போய்..."

"உக்காருங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா. "கோஸ் கொண்டு வர்றவங்க ஐஸ் கொண்டு வர மாட்டாங்க. மார்வா, எழுந்திரு."

மார்வா அக்கா மாக்கரோனித் தட்டின் முன்னால் சிலையாக உட்கார்ந்திருந்தாள். ஊதாப் பட்டு உடை, முத்துமாலை, ஊசிமுனைச் செருப்பு. ஒரு நொடி அம்மாவை முறைத்தாள். பிறகு, அவள் பெருந்தன்மையையும் சொல்ல வேண்டும், "நாலு டின் வாங்க நினைச்சேன்ல, எனக்கு வேணும்" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு எழுந்தாள். அந்தச் செருப்போடு வெள்ளைப் படிகளில் தட்டுத் தடுமாறி இறங்கிப் போனதை நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அத்தான் கொட்டிய ஐஸ் இன்னும் முழுதாக உருகாமல் சாக்கடையோரம் மின்னிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் போனாள்.

பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொரு டம்ளராகப் போட்டாள். கிளீவ் மாமா ஒரு துண்டைக் கடித்து, தலையை ஆட்டினார்.

"மார்வா, ஐஸ் கொஞ்சம் அரைவேக்காடு. அடுத்த வருஷம் பாத்துக்க."

அவள் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அத்தானிடம் வந்தாள். அத்தான் தன் டம்ளர் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"எனக்கு வேணாம் அண்ணி. நிறைய பாத்துட்டேன்."